பக்கி, வகை தெரியவில்லை

"ஐடி ப்ளீஸ்."

பறவைக் குழுக்களில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு சொல் பழகிப்போயிருக்கும். சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கைப்பேசியை வானத்தை நோக்கி நீட்டி எடுத்த படம். சாம்பல் பின்னணி, நடுவில் வளைந்த ஒரு கறுப்புக் கீற்று. கீழே "ஐடி ப்ளீஸ்". இருபது வினாடியில் ஒருவர் "இந்தியன் நைட்ஜார்" என்பார். இன்னொருவர் "வால் நீளமா இருக்கு, ஜெர்டான்ஸ்" என்பார். மூன்றாமவர் கட்டைவிரலைத் தூக்குவார். படம் எடுத்தவர் நன்றி சொல்லிவிட்டுப் பட்டியலில் ஏற்றிவிடுவார். முடிந்தது சோலி.

அந்த இருபது வினாடிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஏழு சாயங்காலங்களை நானே அப்படிப் பாழாக்கியிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் பறவை. நைட்ஜாருக்குத் தமிழில் பக்கி என்று பெயர். பட்சி என்ற சொல்லின் திரிபு. ஆனால் நம் தெருவில் பக்கி என்றால் திட்டு. "அட பக்கி", "சோத்துப் பக்கி". திட்டு வாங்குகிற அளவுக்கு அது எதுவும் செய்யவில்லை. பகல் முழுக்கத் தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிக்கிற தூரத்துக்குப் போனால்தான் எழும். கூடு கட்டாது, வெறும் மண்ணில் முட்டையிடும். கால் பெயருக்குத்தான் இருக்கும். வாய் மட்டும் முகம் முழுக்கப் பிளக்கும், ஓரமெல்லாம் மீசை. இருட்டத் தொடங்கும்போது சத்தமில்லாமல் எழுந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும்.

ஐரோப்பாவில் இதன் கதை இன்னும் மோசம். 1758-இல் லின்னேயஸ் இதன் பேரினத்துக்கு வைத்த பெயர் கேப்ரிமுல்கஸ், அதாவது ஆட்டுப்பால் கறப்பவன். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இந்தப் புகார் இருக்கிறது. இருட்டில் ஆடுகளுக்கு நடுவே வாயைத் திறந்துகொண்டு ஏதோ பறந்தது, காலையில் பால் குறைந்திருந்தது, போதாதா? ஆடு நடக்கும்போது கிளம்புகிற பூச்சிக்காக அது வந்தது என்பதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஐடி ப்ளீஸ்.

2020 மார்ச்சில் ஆபீஸை மூடினார்கள். சென்னை அறையைக் காலி செய்துவிட்டு லேப்டாப்போடு திருக்கடையூர் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் ஊரைத் தெரியாதவர்கள் குறைவு. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று தினமும் தாத்தா பாட்டிகள் மாலை மாற்றிக்கொள்ளும் ஊர். விடியற்காலை நாயனச் சத்தத்தில்தான் கண் விழிப்போம். அந்த வருடம் கோயில் அடைத்து, மண்டபங்கள் அடைத்து, ஊரே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் தொடங்குவதற்கு முன் மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்கே, கடல் பக்கம் போவேன். அங்கே ஒருபுறம் இறால் குட்டைகள், ஒருபுறம் சவுக்கு, நடுவில் ஏழெட்டு ஏக்கர் உவர் மண் பொட்டல். அங்கங்கே கருவேலம் புதர். ரெவின்யூ கணக்கில் அதற்குத் தரிசு என்று பெயர்.

ஒரு நாள் திரும்பி வரும்போது பாதை நடுவில் இரண்டு கங்கு. டார்ச்சைத் தாழ்த்தியதும் கங்கு எழுந்து பறந்தது. இறக்கையில் ஆளுக்கொரு வெள்ளைப் பொட்டு. பக்கிக்குச் சூடு ஆறாத மண்ணிலும் தாரிலும் உட்காருவது பிடிக்கும். சாலையில் அடிபட்டுச் சாவதற்கும் அதுதான் காரணம்.

மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார்ந்தேன். அது எழுந்ததும் படம் எடுத்தேன். ஒரு செயலியில் போட்டேன். "சைக்ஸ் நைட்ஜார்" என்றது, எழுபது சொச்சம் சதவீத நம்பிக்கையோடு.

சைக்ஸ் பக்கி யார் என்று தேடினேன். கட்ச், ராஜஸ்தான், சிந்து, தென்கிழக்கு ஈரான். பாலை நிலத்துப் பறவை. மணல் நிறம். குளிர்காலத்தில் மத்திய இந்தியா வரைக்கும் இறங்கும். இங்கே என் முன்னால் மணல் இருக்கிறது, மணல் நிறத்தில் பறவை இருக்கிறது. பாலைவனத்துப் பக்கி காவிரிக் கடைமடைக்கு வந்திருக்கிறது, அதை முதலில் பார்த்தவன் நான்! அன்று ராத்திரி மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

பட்டியலில் ஏற்றினேன். மூன்றாம் நாள் ஒரு மின்னஞ்சல். இந்தப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் எழுதியிருந்தார். மிக மரியாதையான கடிதம். அதில் ஒரே ஒரு கேள்வி: "இந்தியப் பக்கி இல்லை என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது என்னைப் போன்றவர்கள் செய்வதைச் செய்தேன். மூன்று பத்தியில் கோபப்பட்டேன். உள்ளூர்க்காரன் கண்ணால் பார்த்ததை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சந்தேகப்படுவதா, இதுவா குடிமக்கள் அறிவியல், என்றெல்லாம். அதோடு விடவில்லை. வீம்புக்கு அடுத்தடுத்து ஆறு மாலைகள் அதே பெயரிலேயே ஏற்றினேன். ஏழும் உறுதிசெய்யப்படாமல் நின்றன.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் செயலி எப்படி அந்தப் பெயரைச் சொன்னது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சோறு போடுவதே அந்தத் தொழில்தான். வகைப்படுத்தும் மாடலின் கடைசி அடுக்கில் பெரும்பாலும் சாஃப்ட்மேக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கும். அது தனக்குத் தெரிந்த பெயர்களுக்கெல்லாம் நிகழ்தகவைப் பங்கு போட்டுக் கொடுக்கும். எல்லாம் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும். பந்தியில் ஒரு வாளிப் பாயசத்தை மிச்சம் வைக்காமல் ஊற்றியாக வேண்டும் என்பது போல. "இதில் யாருக்கும் இல்லை" என்று ஒரு இலையை நாம் தனியாகப் போட்டு வைக்காவிட்டால், என் அப்பாவின் செருப்பைக் காட்டினாலும் அது ஏதாவது ஒரு பறவைக்குப் பெரும்பங்கைக் கொடுத்துத்தான் தீரும். அந்த எழுபது சதவீதம் "எனக்கு இவ்வளவு தெரியும்" என்பதில்லை. "எனக்குத் தெரிந்தவற்றுக்குள் இது" என்பது மட்டும்தான்.

பின்னணி வேறு. 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு மாடலைக் கெடுத்துப் பழக்கினார்கள். ஓநாய்ப் படமெல்லாம் பனியோடு, ஹஸ்கி நாய்ப் படமெல்லாம் பனி இல்லாமல். மாடல் ஓநாயைக் கற்றுக்கொள்ளவில்லை, பனியைக் கற்றுக்கொண்டது. பனியில் நின்ற நாய் ஓநாயானது. மணலில் எழுந்த என் பக்கி சைக்ஸ் ஆனதும் அப்படித்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இன்று சில செயலிகள் "இந்தப் பேரினம், அதற்கு மேல் சொல்ல முடியாது" என்று நிறுத்திக்கொள்ளக் கற்றுவிட்டன. குழுவில் இருக்கும் மனிதர்கள் இன்னும் கற்கவில்லை.

சரி, கண்ணால் முடியவே முடியாதா? உட்கார்ந்திருக்கும் பக்கியைப் பகலில் பத்தடியில் பார்த்தால் ஓரளவு முடியும். பிடரியில் வெளிர்மஞ்சள் பட்டை இருக்கிறதா, வாலின் நடு இறகுகளில் கோடு அழுத்தமா லேசா, தொண்டை வெள்ளை எப்படி. ஆனால் அந்தியில், பறக்கும்போது? இந்தியப் பக்கிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் இறக்கையில் வெள்ளைப் பொட்டு, வால் மூலையில் வெள்ளை. ஜெர்டான் பக்கி ஆணுக்கும் இரண்டு இடத்திலும் வெள்ளை. சவான்னா பக்கி ஆணுக்கு ஓர வாலிறகு கிட்டத்தட்ட முழுக்கவே வெள்ளை. வெளிச்சம் போன வானத்தில் கால் வினாடி தெரிந்த வெள்ளை இதில் எது? கடலோரத்தில் பிராட்டின்கோல்கள் வேறு அதே நேரத்தில் கூட்டமாகப் பூச்சி பிடிக்கும், அவற்றின் இறக்கையிலும் கறுப்பு வெள்ளை. ஆந்தை, வக்கா, வௌவால் எல்லாம் இருக்கட்டும்.

ஃபீனிக்ஸில் இருக்கும் என் டீம்காரன் ஒருவன், கும்பகோணத்துப் பையன், ஒரு நாள் மீட்டிங் முடிந்ததும் கேட்டான். "மச்சான், பார்க்கிங் லாட் லைட்டைச் சுத்திச் சுத்தி வருதுடா, நைட்ஹாக்ங்கறாங்க. பருந்தா?" பருந்து இல்லை. பக்கியின் அமெரிக்கப் பங்காளி. நம் பக்கம் அந்தக் கிளை கிடையாது. அரிசோனா பாலையில் இரண்டு வகை வரும், லெஸ்ஸர் என்று ஒன்று, காமன் என்று ஒன்று. இரண்டுக்கும் இறக்கையில் வெள்ளைப் பட்டை. லெஸ்ஸருக்கு அது நுனிக்குக் கொஞ்சம் பக்கத்தில், காமனுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. இறகு உதிரும் காலத்தில் இந்த "கொஞ்சம்" கவிழ்ந்துவிடும். காமன் மூக்கால் "பீன்ட்" என்று கத்தும், லெஸ்ஸர் தவளை மாதிரி நீளமாக இழுக்கும். கத்தினால் சண்டையே இல்லை. கத்தாவிட்டால்? ஈபேர்ட் தளத்தின் பட்டியலிலேயே "லெஸ்ஸர் அல்லது காமன்" என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். நமக்கும் "நைட்ஜார், வகை தெரியவில்லை" என்று ஒரு வரி அங்கே இருக்கிறது. அதை எழுதினால் மட்டும் ஏன் நமக்கு அரியர் வைத்த மாதிரி இருக்கிறது?

படிப்பின் குற்றம் என்று ஒரு பங்கு சொல்வேன். நான்கு வருடம் எஞ்சினியரிங் படித்ததில் "தெரியாது" என்று எழுதியவனுக்கு யாரும் கால் மார்க் போட்டதில்லை. தெரியாவிட்டாலும் மூன்று பக்கம் நிரப்பு, ஸ்டெப் மார்க் விழும்.

எங்கள் ஊர்க்கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தை அமாவாசை அன்று சரபோஜி மன்னர் வந்து இன்று என்ன திதி என்று கேட்க, அபிராமி பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். பிறகு அந்தாதி பாடினார், அம்பாள் தாடங்கத்தைக் கழற்றி வீசினாள், அது வானத்தில் நிலவாக நின்றது. சின்ன வயதில் எனக்கு இந்தக் கதை தந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமில்லை. தப்பாகச் சொன்னாலும் அடம்பிடித்து நின்றால் வானமே மாறும்! அந்த ஏழு சைக்ஸ் பதிவுகளின்போதும் எங்கோ உள்ளே அந்த நினைப்பு இருந்திருக்கும். அப்பத்தாவிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு வானத்தையா பாத்தாரு? அம்பா மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. தெரிஞ்சதச் சொன்னாரு. நீ எதப் பாத்துச் சொன்ன?"

நான் செயலியைப் பார்த்துச் சொன்னேன்.

நிலவு என்றதும் ஒன்று. பக்கி கண்ணால் வேட்டையாடுவது. வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்துக்கு எதிரே பூச்சியின் நிழலைப் பார்த்துப் பிடிக்கும். அமாவாசைப் பக்கம் அதற்கு அந்தியும் விடியலும் மட்டும்தான் சாப்பாட்டு நேரம். நிலா இருந்தால் ராத்திரியும் உண்டு. ஸ்வீடனில் பக்கிகளின் முதுகில் குட்டிக் கருவி கட்டி ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். நிலவுள்ள இரவில் வேட்டை இரண்டு மடங்குக்கு மேல். வலசைக்குக் கிளம்பும் நாளைக்கூட நிலவின் சுழற்சிதான் ஒழுங்குபடுத்துகிறது. அமெரிக்காவில் பக்கிக் கணக்கெடுப்புக்கு நிலா வெளிச்சமுள்ள இரவுகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் குழுக்களில் எத்தனை பக்கிப் பதிவில் அன்றைக்கு என்ன திதி என்று ஒரு குறிப்பு இருக்கிறது? அமாவாசை ராத்திரியில் ஒரு நடை போய்விட்டு "இங்கே பக்கி இல்லை" என்று எழுதுவதும் தப்பான ஐடிதான். (தாடங்கம் வீசிய அந்த இரவு திருக்கடையூர்ப் பக்கிகள் நன்றாகச் சாப்பிட்டிருக்கும்.)

என்னை உட்கார வைத்தவர் ஒரு கீதாரி. 2021 பங்குனி. சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்துவிட்டால் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடுகள் டெல்டாவுக்கு வரும். ராத்திரியில் வயலில் கிடை போடுவார்கள், புழுக்கை நிலத்துக்கு, கூலி அவர்களுக்கு. பொட்டலை ஒட்டிய வயலில் கிடை போட்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். நான் பைனாகுலரோடு நிற்பதைப் பார்த்து, "என்ன தம்பி, ட்ரோன் ஏதும் தொலைஞ்சு போச்சா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கு மேலாகவே அது போனது. "இதுக்குத்தான்யா நிக்கிறேன்" என்றேன்.

"பக்கி."

"எந்தப் பக்கிங்க?"

"கத்தலையே தம்பி. கத்துனாத்தான சொல்ல முடியும்?"

நாற்பது வருடம் வெட்டவெளியில் ராத்திரி தங்குகிறவர் சொன்னது இது. ஆட்டுக்கு நடுவே படுத்து, தலைக்கு மேல் பக்கி பறக்க, அண்ணாந்து பார்த்தே வயதானவர். நான் ஒரே மாலையில் சொல்லிவிட்ட பெயரைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். புதர்ப் பக்கம் தரையிலிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக், டக்டக்டர்ர்ர்.

"சிமிட்டித் தரையில கோலிக்குண்டப் போட்டா எப்புடித் தத்தித் தத்தி அடங்கும்? அது ஒண்ணு. பறந்துக்கிட்டே 'ச்வீக் ச்வீக்'னு வெட்டுறது ஒண்ணு. பறக்கையில ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, என்னத்தக் கண்டோம்."

கோலிக்குண்டு இந்தியப் பக்கி. பறந்தபடி வெட்டிக் கத்துவது சவான்னா. இதை ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். சைக்ஸ் இப்படிக் கத்தாது. நிறுத்தாமல் ராட்டை சுற்றுவது போல ஒரே இழுப்பு. ஜெர்டான் பக்கியை வெகுகாலம் இன்னொரு இனத்தின் கிளையாகவே வைத்திருந்தார்கள். தனி இனம் என்று பிரித்ததில் பாட்டுக்குத்தான் முக்கியப் பங்கு. பறவைகளே ஒன்றையொன்று இருட்டில் காதால்தான் அடையாளம் காண்கின்றன, நமக்கு மட்டும் கேமரா வேண்டியிருக்கிறது.

பால் குடிக்குமா என்று அவரிடம் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஆடு நிக்க வேணாமா?"

அன்று இரவே ஏழு பதிவுகளையும் திருத்தினேன். இந்தியப் பக்கி என்று மாற்றவில்லை. 2020-இல் நான் பார்த்தது கோலிக்குண்டா, வெட்டிக் கத்துவதா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. "நைட்ஜார், வகை தெரியவில்லை" என்று ஏழு தடவை மாற்றினேன். தன்னார்வலருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒற்றை வரியில் பதில் வந்தது, ஒலிப்பதிவு இருந்தால் அனுப்புங்கள் என்று. கீதாரியோடு கேட்ட அன்று பதிவு செய்யவே தோன்றவில்லை.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "பெயர் இல்லாத பதிவால் என்ன பிரயோசனம்? பெயரை வைத்துத்தானே பாதுகாப்பு?" சரியான கேள்வி. "இந்தியப் பறவைகளின் நிலை 2023" அறிக்கை ஏறத்தாழ 30,000 பேர் ஏற்றிய 3 கோடி பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. திறந்தவெளிப் பறவைகள் குறைகின்றன என்று நமக்குத் தெரிவதே அப்படிப்பட்ட பட்டியல்களால்தான். வகை தெரியாத பக்கி அந்த வளைகோட்டில் ஏறாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே காரணத்தால்தான் தப்பான பெயர் ஆபத்து. சிட்டுக்குருவியை ஒருவர் தப்பாக எழுதினால் ஆயிரம் பேர் எழுதியது அதை அமுக்கிவிடும். இருட்டில் போய் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? பக்கியில் ஒவ்வொரு தப்புக்கும் எடை அதிகம்.

தப்பான பெயர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் பக்கிக் குடும்பத்திலேயே கதை உண்டு. 1929-இல் சீனாவின் சின்ஜியாங்கில் ஒரு பெண் பக்கி சேகரிக்கப்பட்டது. முதலில் எகிப்தியப் பக்கி என்று எழுதி வைத்தார்கள். 1960-இல் சார்லஸ் வோரி அதைப் பரிசோதித்து, உலகத்துக்கே புதிய இனம் என்று அறிவித்தார். அந்த ஒரே உடலை நம்பி அரை நூற்றாண்டுக்கு மேல் அது பட்டியல்களில் இருந்தது. தேடிப் போனவர்களுக்கு இரண்டாவது பறவை கிடைக்கவில்லை. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது, அது சாதாரண ஐரோப்பியப் பக்கியின் கிழக்கத்திய கிளை. அருங்காட்சியக மேசையில், பகல் வெளிச்சத்தில், உடலைக் கையில் வைத்துக்கொண்டு நிபுணர் செய்தது இது. நாம் ஆறே முக்கால் மணி மங்கலில் கைப்பேசிப் படத்துக்கு இருபது வினாடி எடுத்துக்கொள்கிறோம்.

"தெரியாது" என்று எழுதிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சூரியன் விழுந்ததிலிருந்து முழு இருட்டு வரை ஒரே இடத்தில் நிற்கலாம். கைப்பேசியில் வாய்ஸ் ரெக்கார்டர் என்று ஒன்று சும்மா தூங்குகிறது. ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம். அதன் பாட்டையே ஸ்பீக்கரில் போட்டு அதை வரவழைக்கிற கெட்ட பழக்கம் வேண்டவே வேண்டாம், தரையில் முட்டையோடு இருப்பதைக் கிளப்பி விடுவீர்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நான்கு நாள் காலையில் எழுகிறவர்கள் சித்திரையில் நான்கு மாலை நிற்கலாம். வெயில் காலத்தில்தான் இவை அதிகம் கத்தும்.

2023-இல் ஊருக்குப் போனபோது பொட்டலில் செம்மண் அடித்திருந்தார்கள். மஞ்சளும் வெள்ளையும் பூசிய கற்கள், நடுவில் ஒரு ஆர்ச். கல்லூரி மாணவி ஒருவர் கடலோரத் திறந்தவெளிகளில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் தொகுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துப் பக்கி பற்றி என்னிடம் கேட்டார். ஏழு மாலை நின்றவன் நான் ஒருவன்தான். இனத்தின் பெயரோடு என்னால் ஒரு வரிகூடக் கொடுக்க முடியவில்லை. கீதாரியோடு கேட்டதை வாய்மொழியாகச் சொன்னேன். பதிவு இருக்கிறதா என்றார். பட்டியலில் ஒரு பெயர் இருந்திருந்தால் மனை நின்றிருக்கும் என்று நான் கதை விடவில்லை. ஆர்ச் எப்படியும் வந்திருக்கும். ஆனால் அங்கே என்ன இருந்தது என்பதாவது எழுத்தில் நின்றிருக்கும். தரிசு என்று பெயர் வைத்தவர்களும் இருபது வினாடிதான் பார்த்திருப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல எந்த முகத்தோடு போவது?

போன சித்திரையில் ஊரில் இருந்தேன். வளர்பிறை, பன்னிரண்டாம் நாள். ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் இரண்டு ஏக்கரில் ரெக்கார்டரை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஆறு ஐம்பதுக்கு ஒன்று தலைக்கு மேல் போனது. இறக்கையில் வெள்ளை தெரிந்தது, வால் தெரியவில்லை. எட்டு மணி வரை பார்த்தேன். சவுக்குத் தோப்பில் காற்று, ஹைவேயில் லாரி, வேறொன்றும் பதிவாகவில்லை. அப்பா போன் பண்ணினார்.

"என்னடா, கெடச்சுதா?"

"ஒரு பக்கி போச்சுப்பா."

"என்ன பக்கி?"

"கத்தல."

"சரி வா, தோசை ஆறுது."